கேட்டதெல்லாம் சாட்சியாகுமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஃபிக்ஹு நூல்களில் சாட்சியத்தைப் பற்றி ஒரு பாடம் உண்டு. காஜியின் முன்னால் ஒருவன் வந்து நின்று, "எனக்கு இன்ன விஷயம் தெரியும்" என்று சொன்னால், "நீ நேரில் கண்டாயா? உன் காதால் கேட்டாயா?" என்பதே அவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி. "ஊரார் பேசிக்கொண்டார்கள்" என்பது அந்தச் சபையில் செல்லாது. ஹனஃபி மத்ஹபின் இமாம்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சில விஷயங்களுக்கு மட்டும் ஊர் வழக்கைச் சாட்சியமாக ஏற்றிருக்கிறார்கள். ஒருவரின் வம்சம், மரணம், நிக்காஹ் போன்றவை அவை. அந்தச் சிறு பட்டியலில் வக்ஃபும் இடம் பெறுகிறது. ஆனால் அங்கேயும் ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்கள். இந்த இடத்தில் ஒரு வக்ஃபு இருக்கிறது என்ற மூலச் செய்திக்குத்தான் ஊர் வழக்கு போதும். அதன் ஷரத்துகளுக்கு அது போதாது என்பதே சரியான சொல்.

இந்த மஸ்அலாவை மதரஸாவில் ஓதியபோது அது ஏட்டுப் பாடமாகவே நமக்குத் தோன்றியது. இன்றோ நம் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. யாரோ அனுப்பியதை மற்றவர்க்குத் தள்ளிவிடுகிறோம். காஜியின் சபையில் ஏறாமலேயே நாளொன்றுக்குப் பத்துச் சாட்சியம் சொல்லிவிட்டு இரவில் நிம்மதியாக உறங்குகிறோம். கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒரு மனிதனைப் பொய்யனாக்கப் போதுமானது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹ் நூலின் முகவுரையிலேயே வைத்திருக்கிறார்கள். பொய்யை இட்டுக்கட்டியவனைப் பற்றி மட்டும் சொல்லப்பட்ட எச்சரிக்கையன்று இது. வெறுமனே கேட்டதைத் திருப்பிச் சொன்னவனும் இதில் அடங்குவான்.

ஈண்டு நாம் பேச எடுத்துக்கொண்டது நம் வட்டாரத்து விஷயம்.

திருச்சியிலிருந்து கரூர் போகும் வழியில், காவிரியின் தென்கரையில் திருச்செந்துறை என்ற ஊர் இருக்கிறது. 2022 செப்டம்பரில் அவ்வூர் விவசாயி ஒருவர், ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலத்தை விற்பதற்காகப் பத்திரப் பதிவு அலுவலகம் போனார். அந்த நிலம் வக்ஃபு வாரியத்தின் பட்டியலில் இருக்கிறது, வாரியத்திடமிருந்து தடையில்லாச் சான்று வாங்கி வந்தால்தான் பதிவு செய்ய முடியும் என்று அங்கே சொல்லப்பட்டது. அவர் நிலம் மட்டுமல்ல, ஊர் நிலங்களே அப்பட்டியலில் இருப்பதாகவும் சொன்னார்கள். வாரியம் தன் சொத்துக்கள் என்று கருதுபவற்றின் விவரத்தைப் பதிவுத் துறைக்கு அனுப்பியிருந்ததே இதற்குக் காரணம். ஊர் கொதித்தது. பின்னர் அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தி, முன்போல் பதிவு நடக்க வழி விட்டார்கள்.

நடந்தது இவ்வளவே. ஆனால் கொள்ளிடத்துக்கு வடகரையில் இருக்கும் நம் லால்குடிக்கு அந்தச் செய்தி இரண்டு ஆறுகளைத் தாண்டி வந்தபோது இரண்டு உருவம் எடுத்திருந்தது. "1500 வருஷத்துக் கோயிலோடு சேர்த்து ஒரு ஊரையே பாய்மார் எழுதி வாங்கிக்கொண்டார்கள்" என்றது ஒன்று. "இதெல்லாம் கட்டுக்கதை, அப்படி எதுவுமே நடக்கவில்லை, நம்மைக் கெடுக்கச் செய்த சூழ்ச்சி" என்றது மற்றொன்று. முன்னது அவர்கள் குழுக்களில் சுற்றியது. பின்னது நம் குழுக்களில் சுற்றியது. இரண்டுமே உண்மையல்ல. எவரும் எந்த ஊரையும் எழுதி வாங்கவில்லை. அதே சமயம், ஒரு மனிதர் தம் நிலத்தை விற்க முடியாமல் திரும்பி வந்தது கட்டுக்கதையுமல்ல.

இரண்டாண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் 8 அன்று வக்ஃபு திருத்த மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தபோது, மத்திய அமைச்சர் கிரண் ரிஜிஜு இந்தத் திருச்செந்துறையை உதாரணமாகச் சொன்னார். 1500 ஆண்டுப் பழமையான சுந்தரேசுவரர் கோயில் உள்ள ஊர் என்று குறிப்பிட்டார். அவ்வூர்க் கோயில் சந்திரசேகரர் கோயில். இப்போது நிற்கும் கற்றளி, கொடும்பாளூர் இருக்குவேள் மரபில் வந்தவரும், முதற் பராந்தக சோழனின் மகன் அரிகுலகேசரியின் மனைவியுமான பூதி ஆதித்த பிடாரி என்ற அரசியார் எழுப்பியது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதாவது ஏறத்தாழ 1100 ஆண்டுப் பழமை உடையது. கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தவுடன் நம் இளைஞர் சிலர் துள்ளினார்கள். "பார்த்தீர்களா, பெயரும் தப்பு, கணக்கும் தப்பு" என்று அதையே பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். சகோதரர்களே! பிழையைச் சுட்டிக்காட்டுவது முறைதான். ஆனால் கோயிலின் பெயரைத் திருத்திவிட்டால் அந்த விவசாயியின் கேள்விக்குப் பதில் சொன்னதாகுமா? "பாட்டன் காலத்திலிருந்து நான் உழுத நிலத்தை, எனக்கு ஒரு கடிதம்கூட வராமல், ஒரு நாள் காலையில் விற்கக்கூடாது என்கிறீர்களே, இது என்ன நியாயம்?" என்று அவர் கேட்டால், 1100 ஆண்டு என்பதும் 1500 ஆண்டு என்பதும் அங்கே எதற்குப் பயன்படும்?

அந்தக் கேள்வி நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். நிலத்தை அனுபவித்து வருபவரை அழைத்து விசாரிக்காமல், பட்டியலைக் கொண்டு பதிவை நிறுத்தியது முறையல்ல. பட்டியல் முழுக்கச் சரியாகவே இருந்தாலும் முறையல்ல. இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்று ஹஸ்ரத் அலி (ரலி) அவர்களை யமனுக்குக் காஜியாக அனுப்பும்போது நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அது வாரியத்துக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

இன்னொரு வாதமும் பரவியது. இஸ்லாம் வந்தே 1400 ஆண்டுதான் ஆகிறது, 1500 ஆண்டுக் கோயில் எப்படி வக்ஃபாகும் என்பது அது. கேட்பதற்குக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும் இந்த வாதம், நிலத்தின் கதை தெரியாதவர் கட்டியது. நாயக்கர் காலத்திலும் நவாப் காலத்திலும் கோயில்களுக்கும் மடங்களுக்கும் தர்காக்களுக்கும் கிராமங்களை இனாமாக விட்டார்கள். ராணி மங்கம்மாள் திருச்சி நத்ஹர் வலி தர்காவுக்குக் கிராமங்கள் வழங்கியதைச் சரித்திர ஆசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். நவாபுகள் கோயில்களுக்கு விட்டதும் உண்டு. அப்படி ஒரு கிராமத்தை விட்டால், பெரும்பாலும் அரசுக்குச் சேர வேண்டிய மேல்வாரத்தை விட்டார்கள் என்றுதான் பொருள். உழுதவனின் குடிவாரம் அவனிடமே இருந்தது. இரண்டு வாரமும் சேர்த்து விட்ட இனாமும் உண்டு. ஆகவே ஒரு ஊரில் ஆயிரம் ஆண்டுக் கோயில் இருப்பதும், அதே ஊர் வயலின் மேல்வாரம் பிற்காலத்தில் ஒரு தர்காவுக்கு விடப்பட்டிருப்பதும் ஒன்றையொன்று மறுக்காது. அவ்வாறே, மேல்வாரம் விடப்பட்டது என்பதால் வயலே தர்காவுக்குச் சொந்தம், அதில் குடியிருப்பவன் ஒதுங்க வேண்டும் என்றும் ஆகாது. 1963ல் சென்னை மாநிலத்தில் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. யார் யாருக்கு ரயத்துவாரிப் பட்டா கொடுப்பது என்று அப்போது விசாரித்துத் தீர்த்த கோப்புகள் இருக்கின்றன. எந்த ஊரானாலும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அவற்றைத்தான். தொலைக்காட்சியில் இரவெல்லாம் கூச்சலிட்டவர்களில் எத்தனை பேர் மேல்வாரம், குடிவாரம் என்ற சொற்களை உச்சரித்தார்கள்? எந்தத் தரப்பு ஆளும் உச்சரித்து நாம் கேட்கவில்லை.

மதீனாவில் நடந்த ஒரு களவைப் பற்றித் தஃப்ஸீர் நூல்களில் சிறு சிறு வேறுபாடுகளுடன் ஒரு செய்தி வருகிறது. அன்சாரிகளில் ஒருவரின் வீட்டிலிருந்து மாவு மூட்டையும் அதற்குள் வைத்திருந்த கவசமும் களவு போயின. எடுத்தவன் தூஃமா இப்னு உபைரிக். இவனும் அன்சாரிகளின் குலங்களில் ஒன்றான பனூ ஸஃபரைச் சேர்ந்தவன்தான். மூட்டையில் ஓட்டை இருந்ததால் வழியெல்லாம் மாவு சிந்திக்கொண்டே போயிற்று. பயந்துபோன தூஃமா, கவசத்தை ஒரு யூதரிடம் கொடுத்து வைத்தான். மாவுத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் கவசத்தை யூதர் வீட்டில் கண்டெடுத்தார்கள். "தூஃமாதான் என்னிடம் கொடுத்தான்" என்றார் அவர். தூஃமாவின் குலத்தார் ஒன்றுகூடி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, நம் ஆளுக்காக வாதாடுங்கள் என்று கேட்டார்கள்.

அன்றைய மதீனாவின் நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். யூதக் குலங்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மனக்கசப்பு முற்றியிருந்த காலம். பொருள் கிடைத்தது யூதர் வீட்டில். ஒரு குலமே சாட்சிக்கு நிற்கிறது. நம் ஆள் களவாடினான் என்று வெளியே தெரிந்தால் பகைவர் சிரிப்பார்களே என்ற அச்சம் வேறு. இந்நாளில் நாம் சொல்லும் எல்லாச் சாக்கும் அன்றும் இருந்தது. அல்லாஹு தஆலா சூரத்துன் நிஸாவில் 105ஆவது வசனம் முதல் தொடர்ச்சியாக வஹீ இறக்கி, மோசம் செய்தவர்களுக்காக வாதாடக்கூடாது என்று தடுத்தான். தான் செய்த குற்றத்தை நிரபராதியின் மேல் எறிபவன் அவதூறையும் பகிரங்கப் பாவத்தையும் சுமக்கிறான் என்று கூறினான். ஒரு யூதரின் மானத்தைக் காக்க இறங்கிய ஆயத்துகளைக் கியாமத் வரை முஸ்லிம்கள் தொழுகையில் ஓதும்படி வைத்துவிட்டான்.

மாவுத் தடம் யூதரின் வாசலோடு முடிந்தது என்பதும் பொய்யல்ல என்பதைக் கவனியுங்கள். தடம் உண்மை, கவசம் கிடைத்ததும் உண்மை. அந்த அரை உண்மையோடு நின்றிருந்தால் நிரபராதி ஒருவர் தண்டனை பெற்றிருப்பார். தடம் எங்கே தொடங்கியது என்றும் கேட்டால்தான் விஷயம் முழுமையாகும். இன்று நமக்கு வரும் படங்களும் பேச்சுத் துண்டுகளும் பெரும்பாலும் இந்த வகைதான். காட்டப்படும் இடம் மெய்யாக இருக்கும். எங்கிருந்து தொடங்கியது என்பது வெட்டப்பட்டிருக்கும்.

வக்ஃபுச் சட்டத்தைப் பற்றிய பேச்சும் இப்படித்தான் ஆயிற்று. "வாரியம் கைகாட்டிய இடமெல்லாம் அவர்களுடையது, கோர்ட்டுக்கே போக முடியாது" என்றார்கள். அது பொய். 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தீர்ப்பாயம் உண்டு, அதற்கு மேல் உயர் நீதிமன்றம் சீராய்வு செய்யவும் அதில் இடமிருந்தது. ஆனால் நம்மவர் சிலர், "வாரியத்துக்கு அப்படி எந்த அதிகாரமும் இருந்ததில்லை" என்றார்கள். அதுவும் சரியன்று. ஒரு சொத்து வக்ஃபுதானா என்று முதலில் வாரியமே முடிவு செய்யும் அதிகாரத்தை 40ஆம் பிரிவு கொடுத்திருந்தது. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் அதை நீக்கியது. வாதியே நீதிபதியாக இருப்பதை நம் ஃபிக்ஹும் விரும்பாது என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கம் தேவையில்லை. அதே சட்டத்தின் வேறு பிரிவுகளை நாம் எதிர்ப்பதற்கும் இது தடையில்லை.

2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். அன்று மாலையே இரு தரப்பும் வெற்றி கொண்டாடின. சட்டம் முழுவதையும் நிறுத்தி வைக்க நீதிமன்றம் மறுத்தது. வக்ஃபு செய்பவர் ஐந்தாண்டு இஸ்லாத்தைக் கடைப்பிடித்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நிறுத்தி வைத்தது. அரசு நிலமா வக்ஃபா என்று அதிகாரி தீர்மானிக்கும் பகுதியையும் நிறுத்தி வைத்தது. மத்தியக் கவுன்சிலின் 22 பேரில் முஸ்லிமல்லாதார் நால்வருக்கு மேலும், மாநில வாரியத்தின் 11 பேரில் மூவருக்கு மேலும் இருக்கலாகாது என்றது. நீண்ட காலப் பயன்பாட்டால் வக்ஃபாகும் முறையை இனிமேலைக்கு நீக்கியதில் தலையிடவில்லை. நம் குழுக்களில் நிறுத்தி வைத்தவை மட்டும் வந்தன. அவர்கள் குழுக்களில் மறுத்தவை மட்டும் வந்தன. ஒரே உத்தரவைப் படித்த இரண்டு அண்டை வீட்டார் இரண்டு வேறு நாட்டில் வாழ்வது போல் ஆனார்கள்.

நடுநிலை என்றால் இரண்டு பொய்களுக்கும் மத்தியில் போய் நின்றுகொள்வது என்று எண்ணிவிடாதீர்கள். அவன் பத்து என்கிறான், இவன் பூஜ்யம் என்கிறான், ஆகவே ஐந்து என்பது நீதியல்ல, சோம்பல். நாட்டிலேயே மூன்றாவது பெரிய நிலச் சொந்தக்காரர் வக்ஃபு வாரியம்தான் என்ற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதுக்கும் அரசு 2024இல் சொன்ன கணக்கு ஏறத்தாழ 9.4 லட்சம் ஏக்கர். அது ஒரே உடைமையாளரின் நிலமும் அன்று. பல மாநிலங்களில் லட்சக்கணக்கான தனித்தனி வக்ஃபுகள். ஒவ்வொன்றுக்கும் தனி முத்தவல்லி, தனி நோக்கம். அவற்றில் பல கபருஸ்தான், பள்ளிவாசல் போல விற்க முடியாத இடங்கள். தமிழகத்தில் மட்டும் அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கு 4.78 லட்சம் ஏக்கர் இருக்கிறது. இதைச் சொல்வது கோயிலோடு போட்டி போடவல்ல. இரு தரப்பிலும் முன்னோர் தர்மத்துக்கு விட்ட சொத்து அது, இரு தரப்பிலும் ஆக்கிரமிப்பாளர் தின்று வருகிறார்கள் என்பதற்காகவே சொல்கிறோம். இங்கே நடுவில் நிற்க ஒன்றுமில்லை. மூன்றாவது என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்று தெளிவாகச் சொல்லலாம்.

நம் கடைத்தெருவில் நடந்த ஒன்று. வாழைத்தார் மண்டியில் வியாபாரம் பார்க்கும் நம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரிடம், பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் வந்து, "என்ன பாய், நாளைக்கு என் கொல்லையும் உங்களுதுன்னு ஓலை வருமா?" என்று பாதி சிரிப்பும் பாதி கோபமுமாகக் கேட்டார். கூட நின்ற இளைஞர் ஒருவர் சூடாகப் பதில் சொல்ல வாயெடுத்தார். பெரியவர் அவரைக் கையமர்த்திவிட்டு, "அண்ணே, உங்க சர்வே நம்பரைச் சொல்லுங்க. ரெண்டு பேருமாப் போய் வில்லங்கம் போட்டுப் பார்த்துடுவோம்" என்றார். போனார்கள். வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் எடுத்தார்கள். அந்தக் கொல்லைக்கு எந்த வக்ஃபுப் பேச்சும் இல்லை. மகளின் கல்யாணச் செலவுக்கு அதை விற்பதாக நினைத்திருந்த மனிதர், அரசியல் பேசத்தான் வந்தாரா, அஞ்சிப் போய் வந்தாரா என்பது அப்போதுதான் இளைஞருக்கு விளங்கியது. ஒரு வருஷம் வாதாடியிருந்தாலும் தீராத சந்தேகம் இரண்டு காகிதத்தில் தீர்ந்தது.

ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள், ஒரேயொரு ஹதீஸை அதை நேரில் கேட்டவரிடமிருந்தே கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் தேசத்தில் இருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் போனார்கள். இமாம் புகாரி (ரஹ்) கல்வி பற்றிய பாடத்தில் இதைக் குறிப்பிடுகிறார்கள். நமக்குச் சார்பதிவாளர் அலுவலகம் நடந்து போகும் தூரம். அதுவும் வேண்டாம், வில்லங்கம் இப்போது கைப்பேசியிலேயே பார்க்கலாம். அறிவிப்பாளர் வரிசையைத் துருவித் துருவிப் பார்த்த உம்மத், "அனுப்பியது யார் என்று தெரியவில்லை, ஆனால் உண்மையாகத்தான் இருக்கும்" என்று சொல்வது விந்தை.

நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். பழைய பெயர் திருத்தவத்துறை. சிவந்த கோபுரத்தைக் கண்ட ஒரு முஸ்லிம் தளபதி "லால் குடி" என்றானாம், அதுவே பெயராயிற்றாம். அவன் மாலிக் காஃபூர் என்பாரும் உண்டு. இந்தக் கதையை நம்மில் சிலர் பெருமையோடு சொல்கிறார்கள். வேறு சிலர் ஆத்திரத்தோடு சொல்கிறார்கள். எந்த ஏட்டில் இருக்கிறது, எழுதியவர் எந்தக் காலத்தவர் என்று இரு சாராரும் கேட்பதில்லை. பிடித்த கதைக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை போலும்!

"அவர்கள் மட்டும் பொய் பேசலாம், நாம் மட்டும் நியாயம் பார்க்க வேண்டுமா ஹஸ்ரத்?" என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். கேள்வியின் பின்னாலிருக்கும் வேதனையை நாம் அறிவோம். வேலை தேடிப் போன இடத்தில் பெயரைக் கேட்டு முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் சூரத்துல் மாயிதாவின் 8ஆவது வசனம் இந்தக் கேள்விக்காகவே இறங்கியது போல் இருக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை, நீதி தவறும்படி உங்களைத் தூண்டிவிடக்கூடாது என்று அது கட்டளையிடுகிறது. பகையே இல்லாத இடத்துக்கு இந்தக் கட்டளை தேவையில்லையே! பகை இருக்கும்போதுதான் தேவை. தவிரவும், நம் பக்கத்துப் பொய் ஒன்று பிடிபட்டால், நாம் சொன்ன ஒன்பது உண்மைகளும் அதோடு சேர்ந்து மூழ்கிவிடும். நம் ஆவணங்களும் சாட்சிகளும்தான் நாளை நீதிமன்றத்தில் நம் கபருஸ்தானைக் காக்கப் போகின்றன. அவற்றின் நாணயத்தை நாமே கெடுத்துக்கொள்ளலாமா?

தாய்மார்களுக்கு ஒரு சொல். குடும்பக் குழுவில் வரும் செய்தியைப் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே எடைபோடுகிறார்கள். "அத்தா, அவங்க எல்லாருமே இப்படித்தானா?" என்று பிள்ளை கேட்டால், "அவங்க எல்லாரும்" என்பதில் பாத்திரத்தை இரவல் தரும் எதிர் வீட்டு அக்காவும், பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்த அண்ணனும் அடங்குவார்களா என்று திருப்பிக் கேளுங்கள். பிள்ளை யோசிக்கும்.

முத்தவல்லிமார்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியார் கேட்கும்வரை காத்திராமல், நம் ஒவ்வொரு பள்ளியின் வக்ஃபுச் சொத்தையும், அதன் சர்வே எண், பரப்பு, அரசிதழில் வெளியான விவரம், தற்போது யார் அனுபவத்தில் இருக்கிறது, குத்தகை எவ்வளவு என்று ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் முன்னிலையில் உரக்க வாசியுங்கள். பழைய இனாம் ஏடு ஏதாவது கையில் இருந்து, அதில் இன்று பிறர் குடியிருக்கும் நிலம் குறிக்கப்பட்டிருந்தால், அதை வைத்துக்கொண்டு முதலில் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். குடியிருப்பவரின் வீட்டுக்குப் போய், ஏட்டைத் திண்ணையில் விரித்து, "உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். மேல்வாரமா குடிவாரமா என்று படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரையும், அவர்கள் நம்பும் பெரியவர் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள்.